பழைய ஊர் காட்டும் வான்: மட்டக்களப்பின் கைவிடப்பட்ட குடியிருப்புகளுக்கு ஒரு பயணச் சேவை

மக்கள் வாழ்ந்து, பின்னர் விட்டுப் போன குடியிருப்புகளை மட்டும் காட்டி வரும் பயணச் சேவை ஒன்றை மட்டக்களப்பு நகரில் இளைஞர் சிலர் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்களுக்கு அலுவலகமோ பெயர்ப்பலகையோ கிடையாது. கல்லடிப் பக்கம் விசாரித்தால் ‘பழைய ஊர் காட்டுற வான்’ என்றே அடையாளம் சொல்லுகிறார்கள். நாவலடி, திராய்மடு, வாழைச்சேனை என்று போவது வடக்குப் பாதை. வாவியைக் கடந்து அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் சென்று, விரும்பினால் மறுநாள் அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலை வரையிலும் போவது தெற்குப் பாதை. இரண்டிலும் போய் வந்தவன் என்ற முறையில், வடக்குப் பாதையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தெற்குப் பாதை இன்னும் பாதி வேலையாகவே இருக்கிறது. அது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வகைப் பயணத்தை வண்டியின் வசதியையும் வழிகாட்டியின் பேச்சுத் திறமையையும் வைத்து மட்டும் மதிப்பிட்டுவிட முடியாது. இடிந்த சுவரை எவரும் காட்டலாம். அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதைச் சரியாகச் சொல்லுகிறார்களா என்பதே என் அளவுகோல். ஓர் ஊர் அழிவது ஒரு நிகழ்வு. அது கைவிடப்படுவது வேறொரு நிகழ்வு. இரண்டுக்கும் இடையில் பெரும்பாலும் சில மாதங்களோ சில வருடங்களோ கிடக்கின்றன. அந்த இடைவெளியில்தான் ஊரின் கதை முடிவாகிறது. வடக்குப் பாதையின் வழிகாட்டித் தம்பி இதை உணர்ந்து பேசுகிறார்.

பயணம் காலையில் கல்லடிப் பாலத்தருகே தொடங்குகிறது. 1924இல் திறக்கப்பட்ட பழைய லேடி மன்னிங் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கும் இடத்தில் வானை நிறுத்தி, வாவியும் கடலும் எந்தப் பக்கம், முகத்துவாரம் எந்தத் திசை என்று முதலில் நிலத்தைப் புரிய வைக்கிறார். இது மிக நல்ல தொடக்கம். நாவலடி ஏன் அப்படி ஆனது என்பதை விளங்கிக்கொள்ள, அது ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் கொண்ட ஒடுங்கிய மணற்திட்டு என்பது முதலில் மனதில் பதிய வேண்டும். அடுத்த தரிப்பு கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயம். 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அலையில் சாய்ந்த கோபுரம் அங்கே சாய்ந்தபடியே நிற்கிறது. பலர் இங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுவார்கள். இந்தச் சேவை அங்கே அதிக நேரம் செலவிடுவதில்லை. அதற்காக அவர்களைப் பாராட்டுகிறேன்.

நாவலடியில் வெயிலேறும்வரை நடக்கிறோம். வீட்டுத் தளங்கள் மணலுக்கடியில் கிடக்கின்றன. சில இடங்களில் கொட்டுக்கிணறுகளின் வளையங்கள் தெரிகின்றன. இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் பரவிக் கிடக்கும் நிலத்தில், இது குசினி, இது விறாந்தை என்று தளத்தின் உயர வேறுபாட்டை வைத்தே வழிகாட்டி சொல்லுகிறார். அலையில் இறந்தவர்களின் நினைவிடம் இருக்கும் பக்கத்தில் எவரும் சத்தமாகப் பேசக்கூடாது, உறவினர் நின்றால் கமெராவை எடுக்கக்கூடாது என்பது புறப்படும்போதே அவர் விதிக்கும் நிபந்தனை. எங்களோடு வந்த ஒருவர் அதை மீறியபோது அவரை ஒதுக்கி அழைத்துப் போய்ப் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். பணம் கொடுத்து வந்தவரிடம் அப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

அதன் பிறகு அவர் சொல்லும் விளக்கமே இப்பயணத்தின் உயிர். அலைக்குப் பின் அரசு கரையோரத்தில் வீடு கட்டத் தடைசெய்யப்பட்ட எல்லை ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்பது அந்த அளவு. அகலம் குறைந்த மணற்திட்டில் 200 மீற்றரை விட்டுவிட்டால் வீடு கட்ட எஞ்சுவது மிகக் குறைவு. காணியின் உரிமை உரியவரிடமே இருக்கும் என்று சொல்லப்பட்டது. ஆனால் வீடு எழுப்ப முடியாத வளவு ஒரு குடும்பத்துக்கு எந்த வகையில் வளவாகும்? எல்லை பின்னர் தளர்த்தப்பட்டபோது, தகரக் கொட்டில்களில் இருந்த குடும்பங்கள் வேறிடத்தில் வீடு பெறுவதற்கான பட்டியல்களில் ஏற்கெனவே பதியப்பட்டிருந்தன. நாவலடி மக்கள் பலருக்கு அந்த வேறிடம் நகருக்கு வடக்கே உள்ள திராய்மடு ஆயிற்று.

திராய்மடுவில் மதிய உணவு. நாவலடியில் பிறந்து வளர்ந்த ஒரு வயோதிப அம்மாவின் வீட்டில் அவருடைய மகளும் மருமகளும் சமைக்கிறார்கள். குத்தரிசிச் சோறு, சூடை மீன் பொரியல், தேங்காய்ப்பால் சொதி, முருங்கை இலைச் சுண்டல் என்று எளிமையான, மிகச் சுவையான சாப்பாடு. உணவுக்கான பணத்தை வழிகாட்டி எங்கள் கண்முன்னே அந்த வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும் என்பதால், எங்கள் கட்டணத்தில் எவ்வளவு அங்கே போய்ச் சேருகிறது என்ற சந்தேகம் எழவில்லை. பிற பயணச் சேவைகளும் பின்பற்ற வேண்டிய நடைமுறை இது.

சாப்பாட்டுக்குப் பின் அந்த அம்மா பேசினார். வழிகாட்டி குறுக்கிடவில்லை, மொழி விளங்காதவர்களுக்கு மட்டும் மெதுவாக விளக்கினார். ஒரு கட்டத்தில் அந்த அம்மா வழிகாட்டித் தம்பியைப் பார்த்து, “கடல் எடுத்தது ஊட்டத்தான் மனே, வளவ எடுத்தது கடுதாசி” என்றார். கடல் எடுத்தது வீட்டைத்தான் மகனே, வளவை எடுத்தது காகிதம் என்பது பொருள். நாங்கள் காலையில் நடந்த மணலும் கேட்ட எல்லைக் கணக்கும் அந்த ஒரு சொல்லில் ஒன்றாகச் சேர்ந்தன. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்து, மருமகன் அங்கே வந்து குடியிருப்பது இந்த மண்ணின் வழக்கம். அலைக்குப் பின் கொடுத்த வீடுகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் பெரும்பாலும் ஆண்களின் பெயருக்கு எழுதப்பட்டன என்பது கிழக்கு மாகாணம் முழுவதும் பெண்கள் அமைப்புகள் அப்போதே எழுப்பிய முறைப்பாடு. தாய் வழியாக வந்த வளவும் அதைச் சுற்றியிருந்த சகோதரிகளின் வீடுகளும் ஒரே குடும்பத்தின் கைக்குள் இருந்ததால்தான் ஓர் ஊர் ஊராக நின்றது. அந்த வரிசை கலைந்து, வீடுகள் எங்கெங்கோ கொடுக்கப்பட்டபோது, கட்டடங்கள் புதிதாக எழுந்தும் பழைய ஊர் எழவில்லை. இந்த விடயத்தை வேறெந்த வழிகாட்டி நூலிலும் நான் வாசித்ததில்லை. இச்சேவை அதை வாழ்ந்தவர் வாயாலேயே கேட்க வைக்கிறது.

கடற்றொழிலாளிக்குக் கடலிலிருந்து தள்ளி வீடு கொடுப்பதன் விளைவையும் அங்கேயே பார்க்கலாம். வலையும் தோணியும் கரையில், ஆள் கரையிலிருந்து தள்ளி என்றாகிவிட்டால், காவலுக்காகக் கரையில் வாடி போட்டுத் தங்க வேண்டியிருக்கிறது. சிலர் அப்படித் தங்கியே நாவலடிப் பக்கம் மீண்டும் கால் பதித்திருக்கிறார்கள். ஆகவே நாவலடியை முற்றாக மறைந்த ஊர் என்று சொல்வது சரியாகாது. வழிகாட்டியும் அப்படிச் சொல்லவில்லை.

பயணிகளுக்கு அவர்கள் ஒரு சிறு கையேடு கொடுக்கிறார்கள். அதில் தனுஷ்கோடி பற்றி இரண்டு பக்கங்கள் உள்ளன. அந்தப் பக்கங்களைத் திருத்தி எழுத வேண்டும். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலில் போனது என்பதோடு கையேடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு நடந்ததே நமக்கு வேண்டியது. அதே புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலம் 46 நாட்களில் பழுதுபார்க்கப்பட்டது. பாலத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்குத் தனுஷ்கோடிக்கு மீண்டும் தண்டவாளம் போடத் தெரியாமல் இல்லை. 1914 முதல் தனுஷ்கோடி வாழ்ந்தது ரயிலிலிருந்து இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுபவர்களால். புயலுக்குப் பின் கப்பல் துறை இராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது. தனுஷ்கோடி குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. சுங்கமும் தபாலும் ரயில் நிலையமும் இல்லாத அந்த முனையில் மீனவர் மட்டுமே எஞ்சினர்.

இதற்கு எதிர்ச்சாட்சி மட்டக்களப்பேதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி இந்த நகரத்தையும் சுற்றியிருந்த ஊர்களையும் புரட்டிப் போட்டது. கூரை தப்பிய வீடுகள் அரிதாயின, கரையோரத் தென்னந்தோட்டங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விழுந்து கிடந்தன, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். ஆயினும் நகரம் கைவிடப்படவில்லை. கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, ரயில் மீண்டும் வந்தது, பள்ளிக்கூடங்கள் திறந்தன, வயல் விதைக்கப்பட்டது. புயலின் பலத்தை மட்டும் வைத்து ஓர் ஊரின் முடிவைக் கணிக்க முடியாது என்பதற்கு நம் கண்முன்னுள்ள சான்று இது. இந்த ஒப்பீடு கையேட்டில் இருந்திருந்தால் அதன் பெறுமதி பல மடங்கு உயர்ந்திருக்கும். மட்டக்களப்பில் அச்சிட்ட ஒரு கையேட்டில் 1978 பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

பிற்பகலில் வாழைச்சேனைக் காகித ஆலைப் பகுதிக்குப் போகிறோம். ஆலைக்குள் அனுமதி இல்லை. வெளிவீதியில் நின்று விடுதிகள் இருந்த பக்கத்தையும் சுற்றாடலையும் பார்க்கலாம். இங்கே அலையோ புயலோ ஊரை அழிக்கவில்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தி தொடங்கிய இந்த ஆலை, வயலில் வீணாகும் வைக்கோலைக் காகிதமாக்கியது. அதைச் சுற்றி விடுதியும் கடையும் மண்டபமும் விளையாட்டு மைதானமும் கொண்ட ஒரு சிறு நகரமே உருவானது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வேலைமாற்றில் நின்ற இடம் அது. 1977க்குப் பின் இறக்குமதிக் காகிதம் தாராளமாக வந்தது, இயந்திரங்கள் பழசாயின, யுத்தம் வந்தது, சம்பளம் பிந்தியது. எந்த நாளில் அந்தச் சிறு நகரம் முடிந்தது என்று எவராலும் சொல்ல முடியாதபடி, ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியது. அண்மைய ஆண்டுகளில் ஆலையை மீண்டும் இயக்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஆனால் விடுதி வாழ்க்கை திரும்பவில்லை. வழிகாட்டி இங்கே கால்மணி நேரம் மட்டுமே ஒதுக்குகிறார். ஒரு மணி நேரமாவது கொடுக்கலாம். ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரைத் திராய்மடுவில் செய்ததுபோலவே பேச அழைத்தால், இந்தத் தரிப்பு நாவலடிக்குச் சமமாகிவிடும். அத்தகையவர்கள் வாழைச்சேனையிலும் ஓட்டமாவடியிலும் இன்னும் இருக்கிறார்கள். காலம் போனால் இருக்கமாட்டார்கள்.

தெற்குப் பாதையில் பயணம் குருமண்வெளித் துறையில் தொடங்குகிறது. வான் இயந்திரப்பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி, மோட்டார் சைக்கிள்களோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் வாவியைக் கடந்து மண்டூரில் இறங்குகிறது. அந்தக் கடப்பே மனதுக்கு நிறைவு. கிழக்கே உள்ள எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கும் நீர் எவ்வளவு அகலம், பாலம் இல்லாத ஊருக்கு ஆசிரியரும் வைத்தியரும் வருவது எவ்வளவு அரிது என்பதைப் பேச்சில்லாமலே விளக்கிவிடுகிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்கும் இதே நிலைதான்.

வெல்லாவெளிக்கு மேற்கே சேனைக் காடும் வயல் வட்டைகளும் கலக்கும் பகுதியில் ஆளில்லாத வளவுகள் வருகின்றன. புளியமரமும் தூர்ந்த கிணறும் நெற்பட்டறை இருந்த மேடும் தெரிகின்றன. தெற்குப் பாதைக்கு வழிகாட்டி வேறொருவர். அவர் ஒவ்வொரு வளவிலும் “யுத்தத்தில் போனார்கள்” என்ற ஒரே விளக்கத்தைச் சொல்லி நகர்கிறார். அது பொய்யில்லை. 2006இலும் 2007இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தார்கள் என்பது யாவரும் அறிந்தது. ஆனால் 2007இலிருந்து மீள்குடியேற்றம் நடந்தது. பெரும்பாலான ஊர்கள் திரும்பவும் நிறைந்தன. அப்படியிருக்க, சில ஓரக் குடியிருப்புகள் மட்டும் ஏன் வெறுமையாயின என்பதல்லவா சொல்லப்பட வேண்டியது?

அதற்கான விடையை வழியில் சந்தித்த ஒரு விவசாயி, நாங்கள் கேட்டதும் மிகத் தெளிவாகச் சொன்னார். இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளைகளை எழுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் சேர்த்தவர்கள், பிள்ளை பரீட்சை எழுதி முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்தபோது அடுத்த பிள்ளை படித்துக்கொண்டிருந்தது. ஆள் குறைந்ததும் யானை நெருங்கியது. முன்பு வேளாண்மைக் காலத்தில் வயலுக்கு வந்த யானை, இப்போது நெல் மணத்துக்கு வீட்டுச் சுவரையே உடைக்கிறது. பத்து வீட்டுக்காரர் சேர்ந்து இரவில் காவல் இருக்கலாம். இரண்டு வீட்டுக்காரர் இருக்க முடியாது. அவர்களும் போனார்கள். இன்று அவர் பகலில் வந்து வயல் பார்த்துவிட்டுப் பொழுது சாய முன் திரும்புகிறார். நிலம் கைவிடப்படவில்லை, குடியிருப்புக் கைவிடப்பட்டது என்ற நுட்பமான நிலையை அவர் வாயால் கேட்டபின், வழிகாட்டியின் ஒற்றை விளக்கம் எவ்வளவு போதாதது என்று புரிந்தது.

இன்னொரு மௌனம் என்னைக் கூடுதலாக உறுத்தியது. 1990இன் கொடிய மாதங்களில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், அம்பாறை மாவட்டத்தின் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டதும், வெவ்வேறு திசைகளில் குடியிருப்புகளையும் வயல்களையும் வெறுமையாக்கின. படுவான்கரையில் காணி வைத்திருந்த முஸ்லிம் விவசாயிகள் பல வருடங்கள் அந்தக் காணிக்குப் போக முடியாதிருந்தார்கள். பழைய ஊர்களைக் காட்டும் ஒரு சேவை இதைத் தவிர்க்கும்போது, கேட்பவர் பாதிக் கதையோடு திரும்புகிறார். எங்கள் குழுவில் கல்முனையிலிருந்து வந்த ஒரு தம்பதியினர் இதைப் பற்றிக் கேட்டார்கள். வழிகாட்டி பேச்சை மாற்றினார். அவருக்குத் தயக்கம் இருப்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனாலும் திராய்மடுவில் செய்ததைப் போல, அந்தந்த ஊரவரையே அமர்த்திப் பேச வைக்கும் வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டு சமூகத்தவரும் ஒரே வானில் அமர்ந்து கேட்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை, அதைத் தவறவிடக்கூடாது.

இங்கினியாகலைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அணைக்கட்டிலிருந்து பார்த்தால் விரிந்த நீர்தான் தெரிகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆறு மறிக்கப்பட்டு, வேடர்கள் வேட்டையாடிய காடுகளும் சேனை செய்த நிலங்களும் சேனநாயக்க சமுத்திரத்துக்குள் போயின. கீழ்ப்பகுதியில் புதிய குடியேற்றங்கள் எழுந்தன. அம்பாறை நகரமே அத்திட்டத்தோடு வளர்ந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. நீருக்குள் போனதைப் பற்றி வழிகாட்டி இரண்டு வாக்கியங்கள் சொன்னார். மீதி நேரம் நீந்தும் யானைகளைப் படகில் போய்ப் பார்ப்பது பற்றிய விளம்பரமாக இருந்தது. அழகான இடம், ஆனால் இப்பயணத்தின் நோக்கத்தோடு ஒட்டவில்லை. மறுநாள் கட்டணத்தைக் கொடுத்து இதற்காகப் போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அந்த நேரத்தைப் படுவான்கரையிலேயே செலவிட ஒழுங்கு செய்தால் நல்லது.

கட்டணம், நாமே சேர்ந்து ஒரு நாளுக்கு வான் வாடகைக்கு எடுத்தால் தலைக்கு வருவதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும்; வடக்குப் பாதைக்கு அது முற்றிலும் நியாயமானது. வண்டி சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர். குளிரூட்டி தெற்குப் பாதையில் சரியாக வேலை செய்யவில்லை. நாவலடியில் நிழல் இல்லை என்பதால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். முழங்கால் நோவுள்ளவர்கள் மணலில் நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கழிப்பறை வசதி திராய்மடுவிலும் வாழைச்சேனையிலும் மட்டுமே. பெண்கள் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள். சேவை நடத்துபவர்களும் புறப்படும்போதே சொல்ல வேண்டும். கார்த்திகை தொடங்கித் தை நடுப்பகுதிவரை மழையும் வெள்ளமும் படுவான்கரை வீதிகளை மூடிவிடும். மாசி, பங்குனி மாதங்கள் மிகப் பொருத்தமானவை.

பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். சிறுவர்களுக்கு நினைவிடங்களில் அமைதி காப்பது கடினம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம்மவர்கள் தம் பெற்றோர் பிறந்த ஊரைப் பார்க்க விரும்பினால், ஊரின் பெயரைப் பதிவு செய்யும்போதே சொல்லலாம்; பாதையில் இருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். மதிய உணவுக்கு முதல்நாள் மாலைக்குள் எண்ணிக்கை சொல்ல வேண்டும். மரக்கறி மட்டும் உண்பவர்களும், ஹலால் உணவு வேண்டுபவர்களும் அதை அப்போதே தெரிவித்துவிடுவது நல்லது. இரண்டையும் அந்த வீட்டார் முகம் கோணாமல் செய்து தருகிறார்கள்.